‘குவாண்டம் உள்ளுணர்வு’ பயிற்சியும் நான் இழந்த பன்னிரண்டரை இலட்சமும்

ஈரோட்டில் மூன்று தலைமுறையாக மஞ்சள் மண்டி வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. நான் கல்லூரியில் இயற்பியல் படித்தேன். மேற்படிப்புக்கு ஆசை இருந்தும், அப்பாவின் உடல்நிலை காரணமாக இருபத்திரண்டு வயதிலேயே மண்டிக்கு வந்துவிட்டேன். அந்த விட்டகுறை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மனத்தில் கிடந்தது. மனித உள்ளுணர்வுக்கும், அணுவையும் அதனினும் சிறிய துகள்களையும் ஆராயும் குவாண்டம் இயற்பியலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சிந்தனையும் எனக்குப் புதிதன்று. கல்லூரி விடுதியில் நண்பர்களோடு விடிய விடியப் பேசியதுதான். ஆகவே 2022 நவம்பரில் கோயம்புத்தூரில் ஒரு விடுதி அரங்கில் இரண்டு நாள் ‘குவாண்டம் உள்ளுணர்வு’ பயிற்சி நடப்பதாக அறிந்தபோது, 22,000 ரூபாயைத் தயங்காமல் கட்டினேன். அதன் பிறகு பதினான்கு மாதங்கள் என்ன செய்தேன் என்பதை வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை. அன்று யாராவது ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று பிற்பாடு ஏங்கியவற்றைத்தான் இங்கே நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அந்த அரங்கில் ஏறத்தாழ அறுபது பேர் இருந்தோம். பயிற்சியாளர் நன்றாகப் பேசினார். அதற்கு முந்தைய மாதம்தான் ஆலன் ஆஸ்பெ, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் ஆகிய மூவருக்கும் குவாண்டம் பின்னல் (தொலைவில் பிரிந்திருக்கும் துகள்களின் நிலைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருப்பது) பற்றிய சோதனைகளுக்காக நோபல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. அவர் அதிலிருந்து தொடங்கினார். 2020-இல் இயற்பியலுக்கான நோபல் பெற்ற ரோஜர் பென்ரோஸ், மூளையின் நுண்குழல்களில் (செல்களுக்குள் இருக்கும் மிக நுண்ணிய புரதக் குழாய்களில்) குவாண்டம் நிகழ்வுகள் நடப்பதாகக் கருதுகிறார் என்றார். ஐரோப்பிய ராபின் பறவை தன் கண்ணிலுள்ள ஒரு புரதத்தின் துணையால் பூமியின் காந்தப்புலத்தை உணர்கிறது, அதற்கும் குவாண்டம் இயற்பியலே காரணமாக இருக்கலாம் என்றார். டேரில் பெம் என்ற உளவியலாளர் 2011-இல், ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய ஒன்பது சோதனைகளில், மனிதர்கள் வருங்காலத்தைச் சிறிதளவு முன்னுணர்கிறார்கள் எனக் காட்டியதாகச் சொன்னார். முடிவில், நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைச் சொன்னதாக இராமானுஜன் கூறியதை நினைவூட்டியபோது அரங்கமே கைதட்டியது; நானும் தட்டினேன்.

இந்தத் தகவல்களில் பெரும்பாலானவை உண்மையானவை. என்னைச் சிக்கவைத்ததும் அதுதான். பொய்யான செய்தியாக இருந்திருந்தால் இயற்பியல் படித்த எனக்கு ஐயம் வந்திருக்கும். பென்ரோஸுக்கு நோபல் கிடைத்தது கருந்துளைகள் பற்றிய ஆய்வுக்கு. மூளை பற்றிய கருதுகோளுக்கு அன்று. பறவையின் கண்ணில் இரண்டு எலக்ட்ரான்கள் செய்வதற்கும், நாளைக்கு எந்தச் சரக்கு விலையேறும் என்று நான் அறிவதற்கும் இடையில் ஒரு படிக்கட்டும் அங்கே காட்டப்படவில்லை. இதுபோன்ற பேச்சைக் கேட்க நேர்ந்தால், ஒவ்வொரு தகவலும் உண்மையா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு தகவலிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறார்கள் என்று பாருங்கள். நான் பின்னாளில் செய்த ஒரு சோதனை இதற்கு உதவும். பேச்சில் ‘குவாண்டம்’ என்ற சொல் வருமிடங்களில் எல்லாம் அதை நீக்கிவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பார்த்தேன். அந்தப் பயிற்சியின் கையேட்டில் ஒரு வாக்கியத்தின் பொருள்கூட மாறவில்லை. உண்மையான இயற்பியல் கட்டுரை ஒன்றில் அதே சொல்லை நீக்கினால் வாக்கியம் நொறுங்கிவிடும்.

இரண்டாம் நாள் அட்டைச் சோதனை நடந்தது. வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடுகள், சதுரம், நட்சத்திரம் என ஐந்து வடிவங்கள் கொண்ட அட்டைகள். 1930-களில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் நடத்திய சோதனைகளுக்காகக் கார்ல் ஜெனர் வடிவமைத்தவை. இருவர் இருவராக அமர்ந்து, ஒவ்வொரு முறையும் கலைத்து எடுத்து, இருபத்தைந்து முறை ஊகிக்க வேண்டும். குருட்டுத்தனமாகச் சொன்னாலே ஐந்து சரியாக வரும். எனக்கு ஒன்பது வந்தது. ஒன்பதும் அதற்கு மேலும் பெற்ற மூன்று பேரை மேடைக்கு அழைத்து, எங்களுக்குப் பிறவியிலேயே ‘திறந்த உள்ளுணர்வு’ இருப்பதாக அறிவித்தார்கள். அப்பாவின் மறைவுக்குப் பிறகு என்னை யாரும் பாராட்டியதே இல்லை என்ற எண்ணம் அந்த மேடையில் எனக்கு வந்தது, கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் என் வாழ்க்கையின் விளக்கம் கிடைத்துவிட்டதாகவே நம்பினேன்.

கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. வெறும் தற்செயலாகவே இருபத்தைந்தில் ஒன்பதோ அதற்கு மேலோ பெறுபவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர். அப்படியானால் அறுபது பேர் கொண்ட அரங்கில் எத்தனை பேரை எதிர்பார்க்கலாம்? மூன்று பேரை. மேடையில் நாங்கள் மூவர்தான் நின்றோம். அந்த அரங்கில் ஒருவர்கூட ஒன்பதைத் தொடாமல் போயிருந்தால்தான் வியப்படைய வேண்டும். பின்பு வீட்டில் என் மகளை அட்டை எடுக்கச் சொல்லி நானூறு முறை ஊகித்தேன். எண்பது சரியாக வர வேண்டிய இடத்தில் எண்பத்து மூன்று வந்தது. எட்டுக் கூடுவதும் குறைவதும் இயல்பாக நேரக்கூடிய அளவு என்பதால் இந்த மூன்றுக்குப் பொருள் ஏதுமில்லை. யாராவது உங்களுக்குத் தனித்திறன் இருப்பதாகச் சொன்னால், அதே சோதனையை மறுநாள் பத்து மடங்கு நீளமாக, அவர்கள் இல்லாத இடத்தில் செய்து பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன் செய்யுங்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. மலைப்பகுதி ஒன்றில் ஐந்து நாள் தங்கிப் பெறும் இரண்டாம் நிலைப் பயிற்சிக்கு 85,000 ரூபாயும், ஓராண்டுத் தனி வழிகாட்டல் என்ற மூன்றாம் நிலைக்கு 1,60,000 ரூபாயும் கட்டினேன். மூன்றாம் நிலைத் தொகையில் பாதியை ரொக்கமாகக் கொடுத்தேன். அதற்கு இரசீது வாங்கவில்லை. நம் உணர்வு சந்தையோடு குவாண்டம் முறையில் பின்னப்பட்டிருக்கிறது என்பதும், மனத்தை அமைதிப்படுத்தினால் விலையின் போக்கை வயிற்றில் ஓர் இளக்கமாகவோ இறுக்கமாகவோ உணரலாம் என்பதும் அங்கே சொல்லப்பட்டன. ‘உள்ளுணர்வு நாட்குறிப்பு’ ஒன்றை எழுதச் சொன்னார்கள். பலித்தவற்றை மட்டும் எழுத வேண்டும், பலிக்காதவற்றை எழுதினால் ஐயம் வலுப்படும் என்றார்கள். அந்த ஒரு விதியைக் கேட்டபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். தவறியவற்றைக் குறிக்காத கணக்கேடு எந்த மண்டியிலும் செல்லாது என்பது எனக்குத் தெரியாததன்று.

2023 ஆடியில் மஞ்சள் விலை வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. வழக்கமாக நூறு, நூற்றிருபது குவிண்டாலுக்கு மேல் நான் இருப்பு வைப்பதில்லை. ஆனால் வயிற்றில் அந்த இளக்கம் தொடர்ந்து மூன்று நாள் காலையில் வந்தது. வழிகாட்டியிடம் கேட்டேன், “உங்கள் புலம் பேசுகிறது, நம்புங்கள்” என்றார். வங்கியில் எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்தும் போதாமல், மனைவியின் நகைகளை அவருக்குத் தெரியாமல் அடகு வைத்து, 420 குவிண்டால் விரலி மஞ்சளை வாங்கிக் கிடங்கில் அடுக்கினேன். எங்கள் மண்டியில் முப்பது ஆண்டுகளாகச் சரக்குத் தரம் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மூட்டைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: “தம்பி, மஞ்சள ஒடிச்சுப் பார்த்தா அது பதில் சொல்லுதுங்க. வெலைய எப்படி ஒடிச்சுப் பார்ப்பீங்க?” நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அவர் படிக்காதவர், இந்த இயற்பியல் அவருக்குப் புரியாது என்று மனத்துக்குள் எண்ணியதை இன்று எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

விலை இறங்கியது. புரட்டாசி, ஐப்பசி முழுவதும் ஒவ்வொரு நாள் காலையிலும் வயிற்றைக் கவனித்தபடி அமர்ந்திருந்தேன். இளக்கம் வந்துகொண்டே இருந்தது, விலையும் இறங்கிக்கொண்டே இருந்தது. தூக்கம் போயிற்று. கார்த்திகையில் அடகுத் தவணையும் வங்கி நெருக்கடியும் ஒன்றாக வந்ததால், சராசரியாகக் குவிண்டாலுக்கு 2,100 ரூபாய் குறைவாக எல்லாவற்றையும் விற்றேன். சரக்கில் 8,82,000, வட்டியிலும் கிடங்கு வாடகையிலும் 1,38,000, பயிற்சிகளுக்கு 2,67,000, ஆக மொத்தம் 12,87,000 ரூபாய். தை மாதம் மனைவியிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று அஞ்சியிருந்தேன். “ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க” என்று மட்டும் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அந்தப் பேசாமையை நான் இன்னும் மறக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பாடமானது. 2024-இன் தொடக்க மாதங்களில் மஞ்சள் விலை மீண்டும் ஏறியது. உடனே வழிகாட்டி அழைத்து, “பார்த்தீர்களா, உங்கள் உள்ளுணர்வு சரியாகத்தான் சொன்னது, நீங்கள்தான் ஐயப்பட்டு விற்றுவிட்டீர்கள்” என்றார். ஒரு கணம் நானும் அதை ஒப்புக்கொண்டேன். பிறகுதான், நாளும் அளவும் குறிக்காமல் ‘ஏறும்’ என்று மட்டும் சொன்னால் அது என்றைக்குமே பொய்யாகாது என்பது உறைத்தது. விலை இறங்கினால் என் ஐயம் காரணம், ஏறினால் அவர் பயிற்சி காரணம். இப்படி எந்த நிகழ்வாலும் தவறாகவே முடியாத கூற்றை வைத்துக்கொண்டு ஒரு மூட்டைகூட வாங்கக் கூடாது. யாரேனும் முன்னறிவிப்புச் சொன்னால் எத்தனை நாளுக்குள், எவ்வளவு, எது நடந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

அந்தக் கோடையில் பழைய பாடநூல்களை எடுத்து மறுபடி படிக்கத் தொடங்கினேன். உண்மையில் இந்தத் துறையில் ஊகிப்பவர்கள் எவ்வளவு நேர்மையாக ஊகிக்கிறார்கள் என்பதைக் கண்டபோது மனம் ஆறியது. பென்ரோஸ் 1989-இல் முன்வைத்த வாதம் கணிதவியலாளர் கோடெலின் தேற்றத்திலிருந்து தொடங்குகிறது. ஒரு விதித்தொகுப்பால் மெய்ப்பிக்க முடியாத கூற்றின் உண்மையைக் கணித மனம் காண முடிகிறது. ஆகவே புரிதல் என்பது வெறும் கணிப்பு அன்று. கணிப்புக்கு அடங்காத ஏதோ ஒன்று, அலைச்சார்பு (ஒரு துகளுக்குச் சாத்தியமான பல நிலைகளையும் சேர்த்துக் குறிக்கும் கணித விவரிப்பு) ஈர்ப்பு விசையால் ஒரே நிலையாகச் சுருங்கும் நிகழ்வில் ஒளிந்திருக்கலாம் என்கிறார் அவர். அரிசோனாவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் ஸ்டூவர்ட் ஹாமராஃப், நரம்புச் செல்களின் நுண்குழல்கள் அதற்கான இடமாக இருக்கலாம் என்று சேர்த்தார். இது துணிச்சலான கருதுகோள். அது கேட்கும் கேள்வி நனவும் புரிதலும் எப்படி உண்டாகின்றன என்பது. நாளைய விலையை அறிவது அதன் கேள்வியே அன்று.

அதற்கு எழுந்த மறுப்பும் எண்களோடுதான் எழுந்தது. 2000-இல் இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க், சூடும் ஈரமும் நிறைந்த மூளையில் ஒரு மேற்பொருந்திய நிலை (ஒரே நேரத்தில் பல நிலைகள் கலந்திருப்பது) எவ்வளவு நேரம் குலையாமல் இருக்கும் என்று கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த மிக நீண்ட நேரமே ஒரு நொடியைப் பத்து இலட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. நரம்புச் செல் ஒரு முறை துடிக்க ஏறத்தாழ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிறது. அதாவது ஆயிரம் கோடி மடங்கு நீளம். ஹாமராஃபும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வேறு அனுமானங்களோடு மறுகணக்கிட்டு, நொடியில் இலட்சத்தில் ஒரு பங்கு முதல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை தாங்கும் என்றார்கள். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியிலுள்ள ஆய்வகத்தில் நடந்த சோதனையின் முடிவு 2020-இல் வெளிவந்தது. ஈர்ப்பால் அலைச்சார்பு சுருங்குகிறது என்ற கருத்தின் மிக எளிய வடிவம் பொருந்தவில்லை என அது காட்டியது. 2024-இல் வெளியான மற்றொரு சோதனையில், நுண்குழல்களில் ஒட்டும் மருந்தை முன்னரே பெற்ற எலிகள் மயக்க வாயுவுக்கு ஒரு நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடித்தன; இது ஹாமராஃபின் பக்கத்துக்குச் சற்று வலு சேர்த்தது. இப்படி முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு கேள்வியை, விடை கிடைத்துவிட்டதைப் போல எனக்கு விற்றிருக்கிறார்கள். ஒருவர் உண்மையாகவே இதைப் பற்றிப் பேசுகிறாரா என்று அறிய ஒரே ஒரு கேள்வி போதும்: அந்தக் குவாண்டம் நிலை எவ்வளவு நேரம் நிலைக்கும் என்று கேளுங்கள்.

பின்னலைப் பற்றியும் தெளிவு கிடைத்தது. பின்னிய இரு துகள்களில் ஒன்றை அளந்தால் கிடைக்கும் விடைகள் தனியே பார்க்கும்போது முற்றிலும் தற்செயலானவை. இரு முனைகளின் பட்டியல்களையும் தொலைபேசி போன்ற வழக்கமான வழியில் ஒன்றுசேர்த்து ஒப்பிட்டால்தான் தொடர்பு தெரியும். ஆகவே அதைக் கொண்டு ஒரு சொல்லைக்கூட அனுப்ப முடியாது. மஞ்சள் சந்தைகளான நிசாமாபாத்திலிருந்தோ சாங்கிலியிலிருந்தோ என் வயிற்றுக்குச் செய்தி வர வழியே இல்லை. பார்ப்பவரின் மனம்தான் அலைச்சார்பைச் சுருக்குகிறது என்பதும் அங்கே அடிக்கடி சொல்லப்பட்டது. 1961-இல் இயற்பியலாளர் யூஜின் விக்னர் அப்படிக் கருதியது உண்மைதான். பிற்காலத்தில் அவரே அதைக் கைவிட்டார். மேற்பொருந்திய நிலையைக் குலைக்க மனம் தேவையில்லை, மோதிச் செல்லும் ஒரு காற்று மூலக்கூறு போதும். பெம் செய்த சோதனையை 2012-இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. கருத்துக்கணிப்புகளில் கேள்விகளின் வரிசை மாறினால் விடைகள் மாறுவதை விளக்கக் குவாண்டம் கணிதத்தைப் பயன்படுத்தும் உளவியலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களும் தாங்கள் எடுத்தாள்வது கணிதத்தை மட்டுமே, மூளைக்குள் குவாண்டம் நிகழ்வு இருப்பதாகச் சொல்லவில்லை என்று தெளிவாக எழுதுகிறார்கள்.

அப்படியானால் உள்ளுணர்வே பொய்யா என்று சில நாள் கலங்கினேன். உளவியலாளர் கேரி கிளைன் பதிவுசெய்த ஒரு தீயணைப்பு அதிகாரியின் நிகழ்ச்சியைப் படித்தபோதுதான் விடை கிடைத்தது. சமையலறையில் எரிந்த தீயை அணைக்கக் குழுவோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்த அவர், காரணம் தெரியாமலே எல்லோரையும் வெளியேறச் சொன்னார். சற்று நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தளம் இடிந்து விழுந்தது. அவர் அதைப் புலன் கடந்த ஆற்றல் என்றே நம்பினார். ஆனால் பொறுமையாகக் கேட்டபோது, அறையின் வெப்பம் தீயின் அளவுக்குப் பொருந்தாமல் மிகுந்திருந்ததும், ஓசை மிகக் குறைவாக இருந்ததும் வெளிவந்தன; தீ உண்மையில் கீழ்த்தளத்தில் இருந்தது. மற்றோர் உளவியலாளரான டேனியல் கானெமனும் கிளைனும் 2009-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில், உள்ளுணர்வை நம்பக்கூடிய இடத்துக்கு இரண்டு அடையாளங்கள் கூறுகிறார்கள்: அந்தச் சூழலில் ஒழுங்கு இருக்க வேண்டும், நம் ஊகம் சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிந்து, பல்லாண்டு பழகியிருக்க வேண்டும். எங்கள் பெரியவர் ஒரு விரலியை ஒடிக்கும்போது, நன்கு காய்ந்திருந்தால் உலோகத்தைத் தட்டினாற்போல் ஓசை வரும். வராவிட்டால் அந்தக் கணமே தெரிந்துவிடும். முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை மஞ்சள் அவருக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. விலையோ, மழையும் பரப்பளவும் ஏற்றுமதியும் சேர்ந்து உருவாக்கும் ஒன்று. அது யாருக்கும் அப்படிப் பாடம் நடத்துவதில்லை. அவர் கேட்ட கேள்வியும் அந்தக் கட்டுரை சொல்வதும் ஒன்றே என்பது புரிந்த அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இராமானுஜன் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் பெயரை இப்படிப் பயன்படுத்துவது என்னை மிகவும் வருத்துகிறது. அவருடைய உள்ளுணர்வு சிலேட்டிலும் குறிப்பேடுகளிலும் ஓயாமல் போட்ட கணக்குகளில் ஊறி வந்தது. அவருக்குமே அது எல்லா இடத்திலும் துணை நிற்கவில்லை. 1913-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியவற்றில் பகா எண்களின் பரவல் பற்றிய கூற்றுகள் தவறானவை என்று ஹார்டியும் அவருடைய சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டும் கண்டார்கள். கையால் போட்டுப் பார்க்கக்கூடிய எண்கள்வரை சூத்திரம் மிக அழகாகப் பொருந்துவதும், அதற்கு அப்பால் நெடுந்தொலைவில் பிசகுவதும் பகா எண்களின் இயல்பு. இங்கே சரிபார்க்கும் வழி அவர் கைக்கு எட்டவில்லை. அவ்வளவு பெரிய மேதைக்கே சரிபார்ப்பவர் ஒருவர் தேவைப்பட்டார். எனக்கும் தேவைப்பட்டிருக்கும்.

2024 சித்திரையில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்திகள் போட்டேன். ஒன்றில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த வாரம் விலை ஏறுமா இறங்குமா என்று என் உள்ளுணர்வு சொன்னதை எழுதினேன். மற்றதில் மூட்டையிலிருந்து எடுத்த மஞ்சளைக் கையால் பார்த்து ஈரப்பதத்தை ஊகித்து எழுதி, பிறகு கருவியில் அளந்தேன். ஓராண்டு முடிவில் விலை பற்றிய 52 ஊகங்களில் 27 சரி. ஈரப்பதத்தில் 200 மூட்டைகளுக்கு 163 ஊகங்கள் அரை சதவீதத்துக்குள் அமைந்தன. ஒரே மனிதனின் ஒரே உள்ளுணர்வுதான் இரண்டும். இப்போது நான் இருப்பு வைக்கும் அளவை விலை பற்றிய உணர்வைக் கொண்டு முடிவு செய்வதில்லை. சரக்கை வாங்குவதா வேண்டாமா என்பதில் என் கையை முன்னைவிட அதிகமாக நம்புகிறேன். நீங்கள் எந்தத் தொழிலில் இருந்தாலும் இப்படி இரண்டு பத்திகள் போட்டுப் பாருங்கள். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ரொக்கமாகக் கொடுத்த 80,000 ரூபாய்க்குச் சான்று இல்லாததால் அதைப் பற்றிப் பேசவே முடியவில்லை. வங்கி வழியாகக் கட்டிய தொகைக்கு மட்டும் பதிவு அஞ்சலில் கடிதம் எழுதி, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று குறிப்பிட்ட பிறகு, நடக்காத மாதங்களுக்கென 40,000 ரூபாய் திரும்பி வந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கட்டிய தொகை ஐந்து இலட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் வழிகாட்டுகிறார்கள். நான் இதை அறிந்தபோது முதல் பயிற்சிக்கான காலம் கடந்துவிட்டது. நகைகளில் ஆரத்தையும் தோட்டையும் மீட்டுவிட்டோம். இரண்டு வளையல்கள் இன்னும் வங்கியில் இருக்கின்றன. வரும் தை அறுவடைச் சரக்கு வந்ததும் மனைவியோடு போய் எடுத்துவர வேண்டும்.